வீட்டுக்கு வந்து இறங்கும் கிராண்ட் பியானோ: சர்வதேச பியானோ போட்டி எப்படி நடக்கிறது?

2022 ஜூனில் ஒரு வாரம் முழுக்க என் போனில் ஒரே வீடியோதான் சுற்றி வந்தது. நெற்றியில் முடி விழ, தலை நிமிராமல் ஒரு கொரியப் பையன் பியானோ வாசிக்கிறான். பின்னால் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. “உலகின் நம்பர் ஒன் பியானோ கலைஞர், வயது 18” என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா, “இது ஒலிம்பிக்ஸ் மாதிரியாப்பா?” என்று கேட்டார். அத்தை பையன், “நம்ம லிடியன் அமெரிக்கா போய் ஜெயிச்சானே, அந்த மாதிரி டிவி ஷோ” என்றான். இன்னொருவர், “யார் வேகமா வாசிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பரிசு” என்று முடித்துவிட்டார்.

மூன்றும் தப்பு. ஆனால் மூவரையும் குறை சொல்ல முடியாது. ‘சர்வதேச’, ‘போட்டி’, ‘தங்கப் பதக்கம்’ என்று மூன்று வார்த்தைகளைச் சேர்த்துக் கேட்டால் யாருக்கும் விளையாட்டு மைதானம்தான் மனதில் வரும். குழுவில் இரண்டு வரியில் பதில் எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை. அதுதான் இங்கே நீண்டுவிட்டது.

உதாரணத்துக்கு ஒரே போட்டியை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் ஜெயித்ததும் அதில்தான்: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்த் என்ற ஊரில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வான் கிளைபர்ன் சர்வதேச பியானோ போட்டி. பையனின் பெயர் யுன்சான் லிம்.

ஓட்டப் பந்தயமா, கல்யாணச் சமையலா?

நூறு மீட்டர் ஓட்டத்தில் யார் முதலில் வந்தார் என்று கடிகாரம் சொல்லிவிடும். பியானோவுக்கு அப்படி ஒரு கடிகாரம் கிடையாது. வேகமாக வாசிப்பது இந்த மட்டத்தில் எல்லோருக்கும் வரும். தப்பில்லாமல் வாசிப்பதும் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும்.

அதனால் பந்தயத்தை மறந்துவிட்டு, கல்யாணத்துக்குச் சமையல்காரர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி சாம்பாரை ருசி பார்த்துவிட்டு யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. ரசம் எப்படி, பாயசம் எப்படி, ஆயிரம் இலைக்கு அதே கைப்பக்குவம் நிற்குமா, திடீரென்று நூறு பேர் கூடுதலாக வந்தால் கை நடுங்குமா என்றெல்லாம் பார்ப்போம். கடைசியில் ‘உலகத்திலேயே சிறந்த சமையல்காரர் யார்’ என்பதா நம் கேள்வி? ‘இவரை நம்பி இந்தக் கல்யாணத்தை ஒப்படைக்கலாமா’ என்பதுதான்.

பியானோ போட்டியும் இதைத்தான் கேட்கிறது. இந்த இளைஞரை நம்பி உலகம் முழுக்க உள்ள சபாக்களும் ஆர்க்கெஸ்ட்ராக்களும் கச்சேரி கொடுக்கலாமா? 2022-இல் முதல் பரிசு 1,00,000 டாலர். பெரிய தொகைதான். ஆனால் போட்டியாளர்கள் குறிவைப்பது அதோடு சேர்ந்து வரும் இன்னொன்றை: மூன்று ஆண்டுகளுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்து, ஒப்பந்தம் பேசி, பயணம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் போட்டியை நடத்தும் அமைப்பே ஏற்றுக்கொள்கிறது. அதாவது வேலை. இருபது வருடம் தினமும் ஆறேழு மணி நேரம் பயிற்சி செய்த ஒருவருக்கு மேடை கிடைப்பதுதான் கஷ்டம், வாசிப்பது இல்லை.

டிவி நிகழ்ச்சியோடு ஏன் ஒப்பிட முடியாது என்பதும் இங்கேயே புரிந்துவிடும். சென்னையைச் சேர்ந்த பியானோ கலைஞர் லிடியன் நாதஸ்வரம் 2019-இல் ஜெயித்தது ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அங்கே ஒருவருக்குச் சில நிமிடங்கள், அதற்குள் அரங்கம் எழுந்து நிற்க வேண்டும். இங்கே ஒருவரை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிறார்கள். இரண்டுக்கும் தேவையான திறமை வேறு.

வடிகட்டும் வேலை

2022 கணக்கைப் பார்ப்போம். விண்ணப்பித்தவர்கள் 388 பேர். அவர்களில் 72 பேரை நேரில் வாசிக்க வைத்துக் கேட்டு, 30 பேரை ஜூன் மாதம் போட்டிக்கு அழைத்தார்கள். பிறகு 30 பேர் 18 ஆனார்கள், 18 பேர் 12, கடைசியில் 6. எல்லாம் பதினேழு நாட்களுக்குள்.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். மேடையில் ஒருவர் மட்டும் தனியாகப் பியானோ வாசிக்கும் கச்சேரிக்கு ரெசைட்டல் என்று பெயர். ஒரு தனி வாத்தியமும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து, சில இடங்களில் பேசிக்கொண்டும் சில இடங்களில் மோதிக்கொண்டும் போகும் உருப்படிக்குக் கான்செர்ட்டோ என்று பெயர்.

முதல் இரண்டு சுற்றுகளில் ஆளுக்கு 40 நிமிட ரெசைட்டல். அரையிறுதியில் ஒரு மணி நேர ரெசைட்டல், அத்துடன் பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர் மொஸார்ட் எழுதிய ஒரு கான்செர்ட்டோ. இறுதிச் சுற்றில் இரண்டு கான்செர்ட்டோ. கூட்டிப் பாருங்கள்: கடைசி வரை போகும் ஒருவர் ஏறக்குறைய நான்கு மணி நேர இசையை மனப்பாடமாகக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார். முதல் சுற்றிலேயே வெளியேறுகிறவரும் அதே நான்கு மணி நேரத்தைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருப்பார். அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏன் இத்தனை விதம்? ரெசைட்டலில் ஆள் தனியாக என்ன நினைக்கிறார் என்று தெரியும். மொஸார்ட் கேட்பதற்கு எளிமையாக இருக்கும். சுரங்கள் குறைவு, ஒளிந்துகொள்ள இடமில்லை, ஒரு விரல் கொஞ்சம் அழுத்தினாலும் தனியாகத் தெரிந்துவிடும். பெரிய கான்செர்ட்டோவில் எண்பது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேல் சத்தம் எழ வேண்டும், அதே சமயம் அவர்களைக் கேட்டுக்கொண்டும் வாசிக்க வேண்டும். 2009-இல் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவரான ஜப்பானின் நோபுயுகி சுஜீ பிறவியிலேயே பார்வையற்றவர். ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநரின் கை அசைவை எல்லோரும் பார்த்து வாசிப்பார்கள். சுஜீயோ, நடத்துநர் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டு வாசிப்பவர்.

முதல் சுற்றில் இன்னொரு பொடி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுக்கென்றே ஸ்டீபன் ஹஃப் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் எழுதிய புது உருப்படியை 30 பேரும் வாசித்தாக வேண்டும். பழைய உருப்படி என்றால் நூறு ஒலிப்பதிவு இருக்கும், கேட்டு அப்படியே பிரதி எடுத்துவிடலாம். இதற்கு முன்மாதிரியே கிடையாது. வெறும் காகிதத்தில் இருப்பதிலிருந்து ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. முப்பது பேர் ஒரே உருப்படியை வாசிக்கக் கேட்டால் அது முப்பது உருப்படி மாதிரி இருக்கிறது, அது தனி வேடிக்கை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இது வேகப் பந்தயம் இல்லை, ஆள் தேர்வு. ஒவ்வொரு சுற்றும் ஒரே விஷயத்தைத் திரும்பச் சோதிப்பதில்லை. தனியாக, எளிமையாக, கூட்டமாக, புதிதாக என்று வேறு வேறு கோணத்தில் சோதிக்கிறது.

நடுவர்கள் மதிப்பெண் போடுவது எப்படி?

சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும். நடுவர்கள் பெரும்பாலும் பியானோ கலைஞர்களே, சிலர் பழைய வெற்றியாளர்கள். சில போட்டிகளில் மதிப்பெண் போடுவார்கள், சிலவற்றில் ‘அடுத்த சுற்றுக்குப் போகலாமா, வேண்டாமா’ என்று வாக்கு மட்டும். வழி மாறினால் முடிவும் மாறும், ஒரு தப்பும் நடக்காமலேயே.

ஒன்பது நடுவர்கள், 25-க்கு மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளுக்கு ஒன்பது பேரும் ஆளுக்கு 20 போடுகிறார்கள். சராசரி 20. இரண்டாவது ஆளைக் கேட்டு ஐந்து பேர் சொக்கிப்போய் 25 போடுகிறார்கள், மற்ற நால்வரும் ‘இதென்ன கூத்து’ என்று 12 போடுகிறார்கள். மொத்தம் 173, சராசரி 19.2. மதிப்பெண்படி முதல் ஆள் ஜெயித்துவிட்டார். ஆனால் ‘யார் வேண்டும்’ என்று கை தூக்கச் சொல்லியிருந்தால் ஐந்துக்கு நான்கு என்று இரண்டாவது ஆள் ஜெயித்திருப்பார்.

சராசரி என்பது யாருக்கும் உறுத்தாத ஆளைத் தூக்கிவிடும் என்ற பழைய புகாரின் வேர் இதுதான். இன்னொரு பக்கம், ஒரு நடுவரின் மதிப்பெண் சராசரியிலிருந்து ரொம்ப விலகினால் அதைச் சராசரிப் பக்கம் இழுத்துத் திருத்தும் விதியைச் சில போட்டிகள் வைத்திருக்கின்றன. ஒரு நடுவர் வேண்டுமென்றே ஒருவரைக் கவிழ்க்க முடியாது என்பது அதன் நன்மை. உண்மையிலேயே மெய்மறந்துபோன ஒரு நடுவரின் குரலும் அதில் அடங்கிப்போகும் என்பது அதன் விலை.

இதற்கு எல்லோரும் சொல்லும் கதை போலந்தின் தலைநகர் வார்சாவில் 1980-இல் நடந்தது. அங்கே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, சோப்பின் (Chopin) என்ற இசையமைப்பாளர் பெயரில் பியானோ போட்டி நடக்கும். அந்த ஆண்டு யூகோஸ்லாவியாவின் இவோ போகோரெலிச் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேற்றப்பட்டார். அவருடைய வாசிப்பு சில நடுவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நடுவர்களில் ஒருவரான மார்த்தா ஆர்கெரிச், அதே போட்டியில் 1965-இல் முதலிடம் பெற்றவர், கோபத்தில் நடுவர் பதவியையே விட்டு விலகிவிட்டார். போகோரெலிச் அதன் பிறகு உலகப் புகழ் பெற்றார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அந்த ஆண்டு ஜெயித்த வியட்நாமின் டாங் தாய் சொன் சாதாரண ஆளில்லை. அந்தப் போட்டியில் முதல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவர்தான். நடுவர்கள் ஒருவரைத் தவறவிட்டார்கள் என்பதால் இன்னொருவரைத் தவறாக எடுத்தார்கள் என்று ஆகிவிடாது.

மாடு விற்ற ஊருக்குப் பியானோ எப்படி வந்தது?

ஃபோர்ட் வொர்த்துக்கு இன்றும் ‘மாட்டு ஊர்’ என்றுதான் செல்லப் பெயர். பெரிய மாட்டுச் சந்தையால் வளர்ந்த ஊர். அங்கே பியானோ வந்த கதை மாஸ்கோவில் தொடங்குகிறது.

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அடுத்த ஏப்ரலில், விஞ்ஞானத்தில் மட்டும் இல்லை, கலையிலும் நாங்கள்தான் என்று காட்ட மாஸ்கோவில், ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி பெயரில் முதல் போட்டியை நடத்தினார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அங்கே டெக்சாஸில் வளர்ந்த, ஆறடிக்கு மேல் உயரமான 23 வயது வான் கிளைபர்ன் போய் வாசித்தார். மாஸ்கோ ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஓர் அமெரிக்கனுக்கு முதல் பரிசு கொடுக்கலாமா என்று சோவியத் தலைவர் குருஷேவிடமே கேட்டார்கள் என்றும், “அவன்தான் சிறந்தவனா? அப்படியென்றால் கொடுங்கள்” என்று அவர் சொன்னதாகவும் பதிவாகியிருக்கிறது. திரும்பி வந்தவருக்கு நியூயார்க் வீதிகளில் காகிதத் துண்டுகள் பறக்க ஊர்வலம் நடந்தது.

அதே ஆண்டு, பியானோ ஆசிரியர்கள் சங்கம் ஒன்றை நடத்திவந்த அர்ல் ஆலிசன், கிளைபர்ன் பெயரில் ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசுக்கு 10,000 டாலர் தருகிறேன் என்று ஒரு விருந்தில் அறிவித்துவிட்டார். அறிவிப்பது சுலபம். நடத்துவது யார்? ஃபோர்ட் வொர்த்தின் பியானோ டீச்சர்கள். கிரேஸ் வார்ட் லாங்க்ஃபோர்ட் என்ற ஆசிரியை முன்னின்று இழுக்க, உள்ளூர்க்காரர்கள் கூடி 1962-இல் முதல் போட்டியை நடத்திக் காட்டினார்கள். முதல் வெற்றியாளர் ரால்ஃப் வோட்டபெக்.

இந்தப் பிறப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். மாஸ்கோ போட்டியை ஓர் அரசு தன் பெருமைக்காக உருவாக்கியது. ஃபோர்ட் வொர்த் போட்டியை, வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் உருவாக்கினார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியும் அப்படித்தான்: ஃபானி வாட்டர்மேன் என்ற பியானோ ஆசிரியை தொடங்கியது. 1963-இல் அங்கே முதல் பரிசு வாங்கிய மைக்கேல் ரோல் அவருடைய மாணவரே என்பது வேறு விஷயம். அன்றைக்கு எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.

ஊர் செய்யும் வேலை

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கபடிப் போட்டிக்கு வெளியூர் அணிகள் வந்தால் லாட்ஜ் கிடையாது. இந்த வீட்டில் நாலு பேர், அந்த வீட்டில் மூன்று பேர் என்று பிரித்துக்கொள்வார்கள். எந்த வீட்டில் தங்கினார்களோ அந்த வீட்டுக்காரர்களுக்கு அன்றைக்குச் சொந்த ஊர் அணி மறந்துபோகும்.

ஃபோர்ட் வொர்த்தில் அதே ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. போட்டியாளர்களை ஹோட்டலில் போடுவதில்லை. உள்ளூர்க் குடும்பம் ஒன்று ஒரு போட்டியாளரை ஏற்றுக்கொள்கிறது. இவர்களை விருந்தோம்பும் குடும்பம் என்று சொல்லலாம். அறை, சாப்பாடு, அரங்கத்துக்குக் கார், துணி துவைப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. கோயில் திருவிழாவில் மண்டகப்படி எடுத்துக்கொள்வது மாதிரி: காசு கொடுத்தால் மட்டும் போதாது, வீடே இறங்கி வேலை செய்ய வேண்டும்.

அந்த வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒரு நல்ல பியானோ. அதற்காக ஸ்டெயின்வே கிராண்ட் பியானோக்கள் லாரியில் வீடு வீடாகப் போய் இறங்கும். கிராண்ட் பியானோவை மேசை மாதிரி நான்கு பேர் தூக்கிவிட முடியாது. மூடியை இறுக்கிக் கட்டி, மிதிகள் இருக்கும் சட்டத்தைக் கழற்றுவார்கள். பிறகு ஒரு காலை மட்டும் கழற்றி, அந்தப் பக்கமாக மெல்லச் சாய்த்து, நேராக இருக்கும் விளிம்பு கீழே வரும்படி மெத்தை போட்ட பலகைமேல் நிறுத்துவார்கள். மீதி இரண்டு கால்களையும் எடுத்துவிட்டால் வாத்தியம் ஒரு பெரிய கறுப்புக் கதவு மாதிரி நிற்கும். கம்பளி சுற்றி, பட்டை போட்டு, சக்கரப் பலகையில் வாசல் தாண்டும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே போனதும் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் மாட்ட வேண்டும். அப்புறம் சுருதி சேர்ப்பவர் வருவார். சோபா இருந்த இடத்தில் இனி சில வாரங்களுக்குப் பியானோதான்.

ஏன் இத்தனை சிரமம்? இளைஞர் இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து, பயமாக இருக்கிறது, இந்த நான்கு வரியை மறுபடி வாசிக்கணும் என்றால் வாசிக்க முடிய வேண்டும். ஹோட்டலில் அது நடக்காது. இன்னொரு காரணம், தோற்றவர்கள். சுற்று முடிந்து பெயர் வாசிக்கப்படாதவர் அன்றிரவு எங்கே போவார்? பூட்டிய ஹோட்டல் அறைக்குப் போவதும், ‘சாப்பிட்டியா’ என்று கேட்கும் ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் போவதும் ஒன்றில்லை.

ஊரின் ஆர்க்கெஸ்ட்ராவையும் கணக்கில் எடுங்கள். 2022 விதிப்படி அரையிறுதியில் 12 பேருக்கு ஆளுக்கு ஒரு மொஸார்ட், இறுதியில் 6 பேருக்கு ஆளுக்கு இரண்டு. மொத்தம் 24 கான்செர்ட்டோ. ஃபோர்ட் வொர்த் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராதான் எல்லாவற்றுக்கும் வாசித்தது. இரண்டு வாரத்துக்கும் குறைந்த காலத்தில் இத்தனை பேருடைய போக்குக்கு வளைந்துகொடுப்பது சின்ன வேலை இல்லை. இவர்களுக்குப் பதக்கம் கிடையாது என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சுருக்கமாக: போட்டியின் பெயர் சர்வதேசம், அதைத் தூக்கிச் சுமப்பது ஒரு ஊர். பணம் நன்கொடையிலும் டிக்கெட்டிலும் வருகிறது. படுக்கை, சாப்பாடு, கார், பொறுமை எல்லாம் வீடுகளிலிருந்து வருகின்றன.

ஊருக்குக் கிடைப்பது

ஹோட்டல், உணவகம், டாக்சி என்று வரும்படி உண்டு. அதை வேகமாகத் தாண்டிவிடலாம், எந்தத் திருவிழாவுக்கும் அது பொது.

எனக்குப் பெரிதாகத் தெரிவது காது. பதினேழு நாளில் ஒரே உருப்படியை ஐந்து பேர் வாசிக்கக் கேட்ட ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்காமலேயே வித்தியாசம் தெரியும். 1962-லிருந்து இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர் அது. இடைவேளையில், நேற்று வந்தவர் இதே இடத்தை இழுத்தார், இவர் இழுக்கவில்லை என்று பேசிக்கொள்பவர் இசைப் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. கட்டட ஒப்பந்தக்காரராகவும் இருப்பார். நம் டிசம்பர் சீசனில் கேன்டீன் வரிசையில் நின்று காம்போதியை அலசுகிறார்களே, அந்தக் கூட்டம்தான்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலைவதாக இருந்தால் இந்தக் காது வளராது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதே அமைப்பு கச்சேரித் தொடர் நடத்துகிறது, பள்ளிக் குழந்தைகளுக்கு இலவச இசை நிகழ்ச்சி நடத்துகிறது. 1999-இலிருந்து 35 வயதுக்கு மேற்பட்ட அமெச்சூர்களுக்குத் தனிப் போட்டியும் உண்டு. டாக்டர்கள், வக்கீல்கள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் வந்து வாசிப்பார்கள். எனக்கு உள்ளபடியே இந்தப் போட்டிமேல்தான் ஆசை அதிகம்.

சிலர் ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். 1985-இல் ஜெயித்த பிரேசிலின் ஹொசே ஃபெகாலி, பின்னாளில் அங்குள்ள டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1989-இல் ஜெயித்த அலெக்ஸி சுல்தானோவ் தாஷ்கண்டிலிருந்து வந்த 19 வயதுப் பையன். வாத்தியத்தை அடித்து நொறுக்குகிறான் என்று ஒரு கூட்டமும், இதுதான் உயிருள்ள வாசிப்பு என்று இன்னொரு கூட்டமும் சண்டை போட்டன. அவர் ஃபோர்ட் வொர்த்திலேயே குடியேறினார். 2001-இல் பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்தது. அதன் பிறகு அவர் வலது கையால் வாசிக்க, இடது கைப் பகுதியை அவர் மனைவி வாசித்தார். 2005-இல் 35 வயதில் இறந்துபோனார்.

ஜெயித்தால் வாழ்க்கை செட்டிலா?

இல்லை. பதக்கம் கதவைத் திறக்கும், உள்ளே போய் நிற்பது அவரவர் பாடு. 1997-இல் ஜெயித்த ஜான் நகமாட்சு அதுவரை கலிஃபோர்னியாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்தவர். பெரிய இசைக் கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாதவர். ஒரு போட்டி இல்லையென்றால் அவரை உலகம் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. இன்னொரு பக்கம், தங்கப் பதக்கம் வாங்கியும் பெயர் மங்கிப்போனவர்களும் உண்டு. ஒரே ஆண்டில் நூறு கச்சேரி என்று தலையில் விழுந்தால், புது உருப்படி கற்க நேரமில்லாமல் ஓய்ந்துபோகிறவர்களும் உண்டு. ‘போட்டிகள் பத்திரமாக வாசிக்கும் ஆட்களை உற்பத்தி செய்கின்றன’ என்ற விமர்சனத்தில் நான் பாதி ஒத்துப்போகிறேன். மறுபாதி ஒத்துப்போகாததற்குக் காரணம் லிம். அரையிறுதியில் லிஸ்ட் (Liszt) என்ற இசையமைப்பாளர் எழுதிய பன்னிரண்டு அசுரத்தனமான எட்யூட்களையும் ஒன்றுவிடாமல் ஒரே மூச்சில் வாசித்தார். எட்யூட் என்றால் ஒரு குறிப்பிட்ட கைக்கஷ்டத்தை மையமாக வைத்து எழுதிய உருப்படி. பத்திரமாக ஆட நினைப்பவர் யாரும் அப்படித் தேர்ந்தெடுக்க மாட்டார்.

அதிர்ஷ்டமும் உண்டு. போட்டியில் கலந்துகொள்ளக் குறைந்தபட்ச வயது 18. இந்தப் போட்டி 2021-இல் நடந்திருக்க வேண்டியது. கொரோனாவால் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. சொன்ன தேதியில் நடந்திருந்தால் 17 வயது லிம்முக்கு விண்ணப்பிக்கவே தகுதி இருந்திருக்காது.

அரசியலும் வாசலுக்கு வரும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும், ஜெனீவாவை மையமாகக் கொண்ட இசைப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு மாஸ்கோவின் சைகோவ்ஸ்கி போட்டியை வெளியேற்றியது. ‘சர்வதேச’ என்ற அடைமொழிக்கு ஐ.நா. மாதிரி ஓர் அதிகாரி கிடையாது, இப்படி ஒரு கூட்டமைப்புதான் உண்டு. மாஸ்கோவில் ஜெயித்தவர் பெயரில் நடக்கும் ஃபோர்ட் வொர்த் போட்டியோ, ரஷ்யக் கலைஞர்கள் அரசின் அதிகாரிகள் இல்லை, அவர்கள் வரலாம் என்று முடிவெடுத்தது. கடைசியில் லிம்முக்குத் தங்கம், ரஷ்யாவின் அன்னா கெனியுஷெனேவுக்கு வெள்ளி, உக்ரைனின் டிமிட்ரோ சோனிக்கு வெண்கலம். பரிசளிப்பு விழாவில் 2013 வெற்றியாளர், உக்ரைனைச் சேர்ந்த வாடிம் கோலோடென்கோ, தன் நாட்டு தேசிய கீதத்தை வாசித்தார்.

கேட்க ஆரம்பிப்பவருக்கு

2025-இல் ஹாங்காங்கின் அரிஸ்டோ ஷாம் ஜெயித்தார். நான்கு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2029. அதுவரை காத்திருக்க வேண்டாம், பழைய சுற்றுகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. இறுதிச் சுற்றிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 2022 முதல் சுற்றில் ஹஃபின் புது உருப்படியை மட்டும் மூன்று பேர் வாசித்ததைக் கேளுங்கள். யாரைப் பிடித்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். பிறகு அவர் எந்தச் சுற்று வரை போனார் என்று பாருங்கள்.

நேரலை பார்க்க நினைத்தால் கணக்கு சுலபம். டெக்சாஸில் கோடைக்கால இரவு ஏழரை மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறு. 2022-இல் நான் பல நாள் பால் பாக்கெட் வாங்கிவந்து, காபி போட்டு, அதோடு உட்கார்ந்துதான் கேட்டேன். காகிதத்தில் நான் எழுதிவைத்த முதல் பெயர் அரையிறுதியோடு வெளியேறிவிட்டது. இன்றுவரை எனக்கு அந்த நடுவர்கள்மேல் கோபம் போகவில்லை.